மைல் போய்ப் புகை வந்த வருஷம்

எங்கள் கம்பெனியில் ஏவ்ரில் சக்டனுக்குப் பயப்படாத விற்பனைக்காரன் ஒருவன்கூடக் கிடையாது. இங்கிலாந்தின் வடக்கே ஹாலிஃபாக்ஸில் குளியலறைக் குழாய்கள் செய்து விற்கிற கம்பெனி. கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிக்கிற நாங்கள் இருபத்தாறு பேர். இருபத்தாறு பேருக்கும் கம்பெனி கார். அத்தனை காருக்கும் சாவி, இன்ஷூரன்ஸ், டயர், வரிக் காகிதம் எல்லாம் ஏவ்ரில் மேஜையில்தான். டயர் தேய்ந்துவிட்டது என்று போய் நின்றால் அப்படியே நம்பிவிட மாட்டாள். வாசலுக்கு வந்து, குனிந்து, ஒரு நாணயத்தை டயர்ப் பள்ளத்தில் செருகிப் பார்ப்பாள்.

"இன்னும் ரெண்டு மாசம் ஓடும் கண்ணு. வளைவுக்கு வளைவு பிரேக்க மிதிக்காம ஓட்டினா ஆறு மாசம் ஓடும்."

கார் ஓட்டுவதைப் பற்றி அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. தட்டச்சுக்காரியாக வேலைக்குச் சேர்ந்தவள். இருபத்தோரு வயதில் ஒருநாள், வேன் ஓட்டுபவர் வரவில்லை, பிராட்ஃபோர்டில் ஒரு கட்டடக்காரர் குழாய்களுக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தபோது மேலாளர் வாசலில் நின்று திட்டினார். மறுநாள் அவரே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு வருஷம் அந்த வேனை ஓட்டினாள். இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு அலுவலகத்துக்குள் வந்தாள். கார்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற அன்றைக்கே, "எனக்குத் தெரிஞ்ச வேலை, என்கிட்ட குடுங்க" என்று கேட்டு அந்த மேஜையை வாங்கிக்கொண்டாள்.

அந்த நாளில் எங்கள் தலைமேல் இருந்த வரி விசித்திரமானது. கம்பெனி கார் வீட்டு வேலைக்கும் ஓடுகிறது, ஆகவே அதுவும் சம்பளத்தில் ஒரு பங்கு என்று அரசாங்கம் கணக்குப் பண்ணும். ஆனால் கம்பெனி வேலையாக வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் மைல் ஓட்டிவிட்டால் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வரி வருஷம் முடிவது ஏப்ரல் ஐந்தாம் தேதி. அதனால் மார்ச் மாதம் வந்தால் எங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒரே ஒரு குழாய் வாஷரைக் கொடுப்பதற்காக நான் ஸ்கார்பரோ வரைக்கும் போயிருக்கிறேன். கடைக்காரர் வாஷரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இன்னும் எவ்வளவு மைல் பாக்கி?" என்று கேட்டார். எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

பிப்ரவரி பிறந்ததும் ஏவ்ரில் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டுவாள். பெயருக்கு நேரே ஓட்டிய மைல், குறைகிற மைல். குறைவது சிவப்பு மையில்.

"இந்த வருஷமும் ஊர் சுத்தக் கிளம்பியாச்சா?" என்று கேலி செய்வாள். கேலி செய்தாலும் பட்டியலைச் சரியாகத்தான் போடுவாள். எங்கள் காசு வீணாகக்கூடாது என்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

கிளிஃபர்ட் த்வெய்ட்டுக்கு அந்தப் பட்டியலில் சிவப்பு மையே இருந்ததில்லை. வடக்குப் பக்கம் முழுவதும் அவன் எல்லை. கம்பிரியா மலைகளிலிருந்து டைன் ஆறு வரைக்கும் ஓடுகிறவனுக்குப் பதினெட்டாயிரம் என்பது ஜனவரி கடைசிக்குள் முடிகிற சமாச்சாரம். ஐம்பது வயது, ஒல்லி, நீளமான கால். வாரம் முழுக்கக் கார், ஞாயிறானால் மலை. மழையோ பனியோ, பூட்ஸை மாட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவான்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் பிப்ரவரியில் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. கம்பிரியாவில்தான் அடி அதிகம். பண்ணைகளை மூடினார்கள், பாதைகளை அடைத்தார்கள், கடைக்காரர்கள் "இப்ப வராதே" என்று போனில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் இரண்டு வாரம், காய்ச்சலால் மூன்று வாரம் ஏற்கெனவே போயிருந்தது. மார்ச் மூன்றாம் வாரம் முதல்முறையாக கிளிஃபர்ட்டின் பெயருக்கு நேரே சிவப்பு வந்தது. முந்நூற்றுப் பத்து மைல். மறந்துவிடுவானோ என்று ஏவ்ரில் அதை ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி அவன் மேஜையில் ஒட்டி வைத்தாள்.

மாதக் கடைசியில் அவன் கிளம்பினான். பென்ரித்திலிருந்து ஸ்டெயின்மோர் மேட்டைத் தாண்டி ஒரு நடை, திரும்பி ஒரு நடை. பார்க்க வேண்டிய ஆள் யாருமில்லை. மேட்டின் உச்சியில் ஆலங்கட்டியும் பனியும் கலந்து கொட்டியது. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது கார் வழுக்கி, சாலையோரக் கல்சுவரில் பக்கவாட்டில் மோதியது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது முழங்கால் நொறுங்கிப்போனது. மூன்று தடவை அறுத்து, கடைசியில் மூட்டை அசையாதபடி இறுக்கி வைத்துவிட்டார்கள்.

மறுவாரம் நான் அலுவலகம் போனபோது சுவரில் பட்டியல் இல்லை. நான்கு மூலைகளில் பிசின் காகிதம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க ஏவ்ரில் லிஸ்டு?"

"கிழிச்சுப் போட்டாச்சு. இனிமே கிடையாது. அவனவன் மைலை அவனவனே எண்ணிக்கட்டும்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

அடுத்த ஏப்ரலிலிருந்து மைல் கணக்கே இல்லாமல் போகப்போகிறது என்று இரண்டு வருஷமாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றுதான், கார் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு விடுகிறதோ அதை வைத்து வரி. நூற்று அறுபத்தைந்து கிராமுக்குள் என்றால் காரின் விலையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை நம் சம்பளத்தோடு சேர்ப்பார்கள். அதற்குமேல் ஐந்து கிராமுக்கு ஒரு பங்கு ஏறும், முப்பத்தைந்து வரை. டீசலாக இருந்தால் மூன்று பங்கு கூடுதல்.

ஏவ்ரில் அந்தச் சட்டப் புத்தகத்தைத் தபாலில் வரவழைத்தாள். கோடைகாலம் முழுவதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சாண்ட்விச், ஒரு கையில் பென்சில் என்று அதைப் படித்தாள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை எங்களை எல்லாம் காண்டீனுக்கு வரச் சொன்னாள். "கார் பதிவுப் புத்தகத்தோட வாங்க. அதுல கிராம் அச்சடிச்சிருக்கும். இல்லாதவன் வரவேண்டாம்."

பன்றி இறைச்சி பொரிகிற வாசனைக்கு நடுவில் எங்கள் ஒவ்வொருவர் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்துச் சொன்னாள். என்னுடையது இருநூற்றுப் பதினைந்து.

"பதினைஞ்சு பங்கு குடுத்துட்டு இருந்தே ட்ரெவர். ஏப்ரல்லேருந்து இருபத்தஞ்சு."

"இதென்ன அநியாயம்! நாயா அலையறவனுக்கு வரி கூடுமா?"

"கூடும். அலையாம உக்காந்திருக்கிறவனுக்குக் குறையும். நான் போட்ட சட்டமில்ல. ஆனா காரை மாத்தினா இதுல பெரும்பகுதிய மிச்சம் பண்ணலாம். நூத்தம்பது கிராம்ல ஒரு டீசல் இருக்கு. மூணு சேர்த்தாலும் பதினெட்டுதான்."

காண்டீனே சிரித்தது. "டீசலா? டிராக்டர்ல போய் ஆர்டர் கேக்கச் சொல்றியா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

"உன் ஆர்டர் லட்சணத்துக்கு டிராக்டரே ஜாஸ்தி" என்றாள் ஏவ்ரில்.

சிரிப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் விற்பனை இயக்குநர் ராய்டு புதிய கார்களை ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். இரண்டரை லிட்டர் பெட்ரோல் கார்கள். வாடகைக்கு விடுகிற கம்பெனி நல்ல தள்ளுபடி தருவதாகச் சொன்னது. மூன்று வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. ராய்டு கெட்ட மனிதர் இல்லை. பெரிய கார் பெரிய ஆர்டர் கொண்டுவரும் என்று உண்மையாகவே நம்பினார்.

ஏவ்ரில் நேரே அவர் அறைக்குப் போனாள். நான் விற்பனைக் காகிதங்களோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். என்னை எழுந்துபோகச் சொல்லவில்லை.

"தள்ளுபடி கம்பெனிக்கு. வரி இவங்க தலையில. மூணு வருஷம் இவங்க வெளிய வரமுடியாது. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடறீங்களா மிஸ்டர் ராய்டு?"

"ஏவ்ரில், டீசல் மேடு ஏறாது. சாம்பிள் பெட்டியெல்லாம் ஏத்திட்டு இந்த மலைங்கள்ல அது முக்கி முனகிட்டு நிக்கும். நான் ஓட்டிப் பாத்திருக்கேன்."

"எப்ப?"

"எண்பத்து நாலுல."

"அப்ப நான் வேன் ஓட்டிட்டு இருந்தேன். அதுவும் டீசல்தான். இப்ப அரை மணி நேரம் வர்றீங்களா?"

ஒரு காரை அவள் சோதனைக்கு வாங்கி வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லாமல். பின்பெட்டியில் பித்தளைக் குழாய்கள் நிரம்பிய ஆறு சாம்பிள் பெட்டிகள். ராய்டு முன்னால், நான் பின்னால். மித்தம்ராய்டில் திரும்பி கிராக் வேல் சாலையில் ஏறினாள். அந்த ஏற்றம் ஐந்தரை மைலுக்கு ஓயாது. சைக்கிள்காரர்கள் நாக்குத் தள்ளிப்போகிற இடம். ஏவ்ரில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கியரை அவசரமில்லாமல் மாற்றிக்கொண்டு, ராய்டின் மகள் பரீட்சையைப் பற்றி விசாரித்தபடி ஏறினாள். வழியில் ஒரு வேனையும் ஒரு பெரிய பெட்ரோல் காரையும் தாண்டிப் போனோம். உச்சியில் நீர்த்தேக்கத்தின் ஓரமாக நிறுத்தினாள்.

"நல்லா இழுக்குது. இந்தப் பெட்ரோல் கார் பேரு என்ன? டீசலை எப்பக் காட்டப் போறீங்க?" என்றார் ராய்டு.

ஏவ்ரில் காரைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து பங்க்கில் நிறுத்தி, இறங்கி, கறுப்புக் குழாயை எடுத்துச் செருகினாள். எங்கள் ஊர் பங்க்குகளில் கறுப்பு என்றால் டீசல். ராய்டு கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்துவிட்டது. பிறகு தலையை ஆட்டிச் சிரித்தார்.

"பதினோரு வருஷம் வேன் ஓட்டினவகிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்."

எங்கள் ஒப்பந்தம் டீசலுக்கு மாறியது. தன்னுடைய பெரிய காரை மட்டும் அவர் விடவில்லை. "முப்பத்தஞ்சு பங்கு என் சந்தோஷத்துக்கு நான் குடுக்கற விலை" என்றார். "குடுங்க, அது உங்க இஷ்டம்" என்றாள் ஏவ்ரில்.

கிளிஃபர்ட் ஜனவரியில் வேலைக்குத் திரும்பினான். கைத்தடியோடு, மடங்காத இடது காலோடு. அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. கியர் தானாக மாறுகிற கார்தான் ஓட்டமுடியும். எங்கள் டீசல் மாடலில் அப்படிப்பட்ட கார் வரவில்லை. பெட்ரோலில் இருந்தது, அதை எடுத்தார்கள். பிப்ரவரியில் அவனுக்கு வரி இலாகாவிலிருந்து புது வருஷத்துக்கான கடிதம் வந்தது. சட்டப்படி சரியான கணக்குதான். கார் இருநூற்று முப்பத்தைந்து கிராம். இருபத்தொன்பது பங்கு.

அந்தக் கடிதத்தை அவன் ஏவ்ரில் மேஜையில் எறிந்தான். நாங்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தோம்.

"மைலுக்காகக் காலைக் குடுத்தேன். இப்ப அந்தக் காலுக்காக வரி குடுக்கணுமாம். என் கால் புகை விடுதா ஏவ்ரில்? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஏவ்ரில் கடிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு ரெண்டு நாள் குடு."

இரண்டு நாள் தேவைப்படவில்லை. மறுநாள் மதியமே அந்தத் தடித்த புத்தகத்தில், முன்பு பென்சில் கோடு போடாமல் தாண்டிப்போன ஒரு பத்தியைக் கண்டுபிடித்தாள். உடல் ஊனத்தால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டமுடிகிற ஒருவருக்கு, அதே வகையில் கையால் கியர் மாற்றுகிற காரின் கிராமைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் கார் இருநூற்றைந்து கிராம். இருபத்து மூன்று பங்கு. ஒரே நிபந்தனை. ஓட்டுகிறவரிடம், ஊனமுற்றோர் வாசலிலேயே கார் நிறுத்திக்கொள்ள நகராட்சி தருகிற நீல அட்டை இருக்கவேண்டும்.

விண்ணப்பத்தையும் அவளே வாங்கிவந்து கிளிஃபர்ட்டிடம் கொடுத்தாள். அவன் விண்ணப்பத்தின் மேலிருந்த நீல அட்டைப் படத்தில் சக்கர நாற்காலியைப் பார்த்தான். நான்காக மடித்தான். குப்பைக் கூடையில் போட்டான்.

"நான் நொண்டி இல்ல."

"யாரு சொன்னா?"

"அந்தப் படம் சொல்லுது. அதைக் கண்ணாடியில ஒட்டிட்டுக் கடை வாசல்ல போய் நின்னா, உள்ளேருந்து பாக்கறவன் என்ன நினைப்பான்? பாவம்னு ரெண்டு குழாய் வாங்குவான். எனக்கு எவன் பரிதாபமும் வேண்டாம்."

"பரிதாபப்பட்டா பூங்கொத்து அனுப்பியிருப்பாங்க கிளிஃபர்ட். இது சட்டம். உனக்குன்னு ஒரு பத்தி எழுதி வச்சிருக்காங்க. படிக்கத் தெரிஞ்சவ நான் இருக்கேன். அப்புறம் என்ன?"

அவன் கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. சாவி வாங்கக்கூட என்னைத்தான் அனுப்பினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கார் நிறுத்துமிடத்தில் அவன் கிளம்பத் தயாராக இருந்தான். ஏவ்ரில் கோட்டுகூடப் போடாமல் வெளியே வந்தாள். பக்கத்துக் காரில் சாம்பிள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த என் காதில் அவள் பேசியது விழுந்தது. கேட்கக்கூடாது என்று தோன்றியும் நகரவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன். அந்த முந்நூத்திப் பத்து மைலை நான்தான் எழுதி உன் மேஜையில ஒட்டினேன். நான் ஒட்டலேன்னா உனக்கு ஞாபகமே இருந்திருக்காது. ஒரு வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லல, என் புருஷன்கிட்டகூட."

கிளிஃபர்ட் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"இதையா ஒரு வருஷமா தூக்கிட்டு அலையறே?"

"ஆமா."

"பைத்தியமா உனக்கு? ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தது யாரு? பனி கொட்டுதுன்னு கண்ணு தெரியாம போச்சா எனக்கு? திரும்பி வந்திருக்கலாம். வரல. எனக்கு அந்தக் காசு வேணும்னு இருந்தது. உன் சீட்டு இல்லேன்னா நானே எண்ணிப் பாத்திருப்பேன்."

"இருந்தாலும்..."

"வாயை மூடு ஏவ்ரில். குளிர்ல நடுங்கறே." கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், "அந்த ஃபாரம் இன்னும் குப்பையிலயா கிடக்கு?" என்றான்.

"அன்னைக்கே எடுத்துட்டேன். இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

உண்மையாகவே இஸ்திரி போட்டிருந்தாள். மடிப்பு மட்டும் லேசாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியவில்லை. டாக்டரிடம் கையெழுத்து வாங்க அவளே அவனைக் கூட்டிப்போனாள். கார் வாடகைக் கம்பெனியில் போன் எடுத்த ஆள், "அப்படி ஒரு விதியே கிடையாதும்மா" என்றான். ஏவ்ரில் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பத்தியைப் போனிலேயே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாள். "எழுதிக்கிட்டியா? இல்ல மறுபடி வாசிக்கவா?" மறுநாளே அந்தக் காரின் இருநூற்றைந்து கிராமை எழுத்தில் அனுப்பிவைத்தார்கள். நீல அட்டை வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து வரி இலாகாவுக்கு அனுப்பினாள். மே மாதம் கிளிஃபர்ட்டுக்குப் புதுக் கடிதம் வந்தது. இருபத்து மூன்று பங்கு.

அவன் அதை எறியவில்லை. அவள் மேஜையில் மெதுவாக வைத்து, விரலால் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினான்.

"அட்டையை ஒட்டிட்டுப் போனா கடைக்காரன் என்ன சொல்றான்?" என்று கேட்டாள்.

"எவனும் பாக்கலே. கார்லைல்ல ஒருத்தன் மட்டும், வாசல்லயே நிறுத்த முடியுதே, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுன்னான். உன் முழங்காலை உடைச்சுட்டு வா, தர்றேன்னேன்."

மறுவருஷம் ஏப்ரல் வந்து போனபோது எங்களில் யாரும் எங்கும் காரணமில்லாமல் கிளம்பவில்லை. மார்ச் கடைசி வாரத்தில் கார்கள் வரிசையாக நிறுத்துமிடத்தில் நின்றதைப் பார்க்க விநோதமாக இருந்தது. வரி எனக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முப்பதாம் தேதி வீட்டில் தோட்டத்து வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முந்தைய பத்து வருஷமும் அந்தத் தேதியில் நெடுஞ்சாலையில் இருந்தவன்.

ஏவ்ரில் கண்டுபிடித்த பத்தி எப்படியோ வெளியே பரவியது. லீட்ஸிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் மற்ற கம்பெனிகளில் கார் பார்ப்பவர்கள் அவளுக்குப் போன் செய்தார்கள். ஒரு கை இழந்தவர், இடுப்பு மாற்றியவர், நரம்பு நோய் வந்த ஒரு பெண். எல்லாருக்கும் பக்க எண்ணைச் சொல்லி, "முதல்ல அட்டை வாங்கச் சொல்லு. மாட்டேம்பாங்க. விடாதே" என்பாள். எத்தனை பேருக்கு வரி குறைந்தது என்று ஒருதடவை கேட்டேன். தான் எண்ணுவதில்லை என்றாள்.

அவள் பத்து வருஷம் கழித்து ஓய்வு பெற்றாள். கிளிஃபர்ட் அதற்கு இரண்டு வருஷம் முன்பே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். மலை ஏறமுடியாது என்று ஆனபின் அவன் அடிவாரத்தில் நடக்கப் பழகிக்கொண்டான். ஏரிக்கரைப் பாதைகள், பழைய ரயில் தடங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவ்ரிலும் அவள் கணவனும் சிலசமயம் அவனோடு போவார்கள். போன மாதம் நானும் போனேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான் கிளிஃபர்ட். "மெதுவாப் போயேன், யாரு துரத்தறா உன்னை?" என்று ஏவ்ரில் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள்.